பாரம் நிரப்பப் பழகுவோம்



சில வருஷங்களுக்கு முன் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என் கடைக்கு ஒரு பாரத்தோடு வந்தார். அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்தேன். கார்டை வாங்கிப் பார்க்கவில்லை. 'முகம்மது' என்ற பெயரை எத்தனையோ விதமாய் எழுதலாமல்லவா? கார்டில் ஒரு விதம், நான் எழுதியது வேறு விதம். பாரம் திரும்பி வந்துவிட்டது. கோலசிலாங்கூருக்கு இரண்டு தடவை பஸ் கூலி, இரண்டு நாள் வேலை, எல்லாம் அவருக்கு நஷ்டம். குற்றம் என்னுடையது. ஆகவேதான் இந்தப் பாடம்.

முதலாவது, கார்டைப் படிக்கும் முறை. அவசரகாலத்தில் 1948-ல் தொடங்கிய அடையாளக் கார்டு, 2001 முதல் 'மைகார்டு' ஆகியது. அதில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் ஆறும் பிறந்த வருஷம், மாதம், தேதி. 580317 என்றிருந்தால் 1958 மார்ச்சு 17. பாரத்திலோ தேதி முன்னும் வருஷம் பின்னுமாக 17-03-1958 என்று எழுத வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அடுத்த இரண்டும் பிறந்த இடம்: சிலாங்கூருக்கு 10, பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

இரண்டாவது, பாரத்தின் சொற்கள். மலாய் என்று மலைக்க வேண்டாம். பாதி நமக்குத் தெரிந்தவையே. 'நாமா' நம்முடைய நாமம். 'பங்சா' வம்சம். 'தாரிக் லாஹிர்' பிறந்த தேதி. மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தாரீஹும் ளாஹிரும் புதிதல்ல. 'அலாமாட்' விலாசம், அரபியில் அலாமத் என்றால் அடையாளம். 'போஸ்கோட்' என்ற இடத்தில் நம் புக்கிட் ரோத்தானுக்கு 45700. 'ஜந்தினா' என்பது ஆணா பெண்ணா என்ற கேள்வி. 'ஹுருஃப் பெசார்' என்றிருந்தால் பெரிய எழுத்தில் எழுதுக. 'உந்துக் கெகுனாஆன் பெஜாபாட்' என்ற கட்டம் ஆபீசுக்குரியது, அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, மிக முக்கியமானது. 'வாரிஸ்' நம் வாரிசுதான். 'பெனாமா' என்பது வேறு, பினாமியும் அன்று. சேமநிதிப் பாரத்தில் ஒரு முஸ்லிம் குறிப்பிடும் பெனாமா, பணத்தைப் பெற்று பராயிள் சட்டப்படி உரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளி மாத்திரமே. முழுப் பணமும் தனக்கே என்று அவர் எண்ணினால், விதவைக்கும் யத்தீம் பிள்ளைகளுக்கும் உரிய ஹக்கு பறிபோகும். எழுதும்போதே இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பிறருக்கு எழுதிக் கொடுப்பது அமானிதம். கார்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். வெற்றுப் பாரத்தில் யாரையும் கையெழுத்திட விடாதீர்கள். கார்டின் நகல் கொடுக்கும்போது, இன்ன காரியத்துக்கென்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

பத்ரு யுத்தத்தில் (ஹிஜ்ரி 2) சிறைப்பட்டவர்களில் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்ற வரலாறு நாம் அறிந்ததே. பற்றுவரவுப் பேரேட்டில் ஒரு காசு பிசகினால் இரவெல்லாம் தேடுகிறோம். பிறர் பெயரில் ஓர் எழுத்துப் பிசகாமலும் பார்ப்போமாக. ஊரிலிருந்து புதிதாய் வந்து கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கும், லயத்து முதியோருக்கும் நாளுக்கு ஒரு சொல் சொல்லிக் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், சில மாதங்களில் அவர்களே தங்கள் பாரத்தை நிரப்பிக்கொள்வார்கள்.