கருத்துரையும் கைக்கூலியும்

இணையவழியில் நாம் வரவழைத்த மாவரைக்கும் இயந்திரத்தின் பெட்டியினுள் ஒரு சிறு அட்டை இருந்தது. ஐந்து நட்சத்திரம் இட்டு, அதன் படத்தை அனுப்பினால் 100 ரூபாய் திருப்பித் தரப்படும் என்பது அதன் வாசகம். இயந்திரம் நன்றாகவே அரைத்தது. மூடி மட்டும் பொருந்தாமல் மாவு தெறித்தது. மூடியைக் குறித்து எழுதினால் 100 ரூபாய் இல்லை. எழுதாது விடலாமே என நம் மனம் ஒரு கணம் இசைந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நன்றி கூறுவோர்க்குச் சிறு அன்பளிப்பு அளிப்பது குற்றமா என வணிகர் வினவலாம். நிறையோ குறையோ, கண்டதை எழுதுக என்று கூறி அளிப்பதில் குற்றம் குறைவே. ஆயினும் முற்றும் இல்லை என்பதற்கில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பணியாற்றிய காலத்தில், பாடம் பார்வையிடப்படும் நாளன்று பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கிய பயிற்சி ஆசிரியை ஒருவரைக் கண்டோம். பொய் சொல்லுமாறு அவர் எவரையும் கேட்கவில்லை. எனினும், "புரிந்ததா?" என்றதும் உயராத கை ஒன்றுமில்லை. யாருக்குப் புரியவில்லை என்பதை அன்று எவராலும் அறிய இயலவில்லை.

கடைவீதியில் அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து வாங்கினோம். காணாமலே வாங்கும் இக்காலத்தில், முன்பின் அறியாதவர் எழுத்தே நமக்குக் கண்ணும் மூக்கும். சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் கூடலேகக் கிரியை, அதாவது பொய்யாக எழுதுதல், ஒன்றன்றோ? நட்சத்திரமும் ஆவணமோ என இளையோர் நகைப்பர். பிறர் நம்பிப் பொருள் கொடுக்கும் எழுத்து வேறென்ன?

அமேசான் நிறுவனம் தனது வைன் திட்டம் நீங்கலாக, இலவசப் பொருளுக்கு ஈடாகக் கருத்துரை பெறுவதை 2016 அக்டோபரில் தடை செய்தது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய கருத்துரைகளை வெளியிடலாகாது என்பது அதன் விதி. ஆயினும் விரும்பியோர் பின்பற்றும் வகையிலேயே அது வெளிவந்தது. அமெரிக்காவிலோ, புகழ்ந்தெழுதினால் மட்டுமே பரிசு என்னும் நிபந்தனை 2024 அக்டோபர் முதல் சட்டப்படி தண்டத்திற்குரியது.

நாம் மூடியைக் குறித்தும் எழுதி, மூன்று நட்சத்திரமே இட்டோம். மறுவாரம் விற்பனையாளர் தொலைபேசியில் அழைத்து, ஐந்தாக மாற்றினால் 200 ரூபாய் தருவதாகக் கூறினார். மாற்று மூடி ஒன்று அனுப்புமாறு வேண்டினோம். இதுவரை வரவில்லை.