பாவு தெரியும் அளவுக்கு

பிள்ளையார்பாளையத்தில் காலையில் காரை எடுக்கிறவர்கள் முதலில் தெருவைப் பார்ப்பார்கள். வெயில் ஏறுமுன் நெசவாளர்கள் அங்கே பாவு நீட்டியிருப்பார்கள். மூன்று புடவைக்கான பட்டு இழை, ஏறக்குறைய 18 மீட்டர், இழுத்துக் கட்டியிருக்கும். அதன்மேல் சக்கரம் ஏறினால் ஒரு வீட்டின் அடுத்த சில வாரப் பிழைப்பு போய்விடும்.

போன கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை, ரிவர்ஸ் கியர் போட்டேன். திரையில் பால் ஊற்றியதுபோல ஒரே வெள்ளை. சென்சார் சத்தமே போடவில்லை. "நிறுத்துப்பா, பாவு இருக்கு!" என்று எதிர்வீட்டு அக்கா கத்தினார். இறங்கிப் பார்த்தேன். பம்பருக்கும் பாவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. மெல்லிய இழை, கயிறு எல்லாம் பின்பக்க சென்சாருக்குப் பெரும்பாலும் பிடிபடாது என்பது அன்றுதான் உறைத்தது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களுக்குச் சென்சார்தான் கட்டாயம், கேமரா இல்லை. அதனால் என்னைப்போல் விலை குறைந்த மாடல் வாங்கியவர்கள் கேமராவை வெளிக்கடையில் மாட்டிக்கொள்கிறோம். கோளாறுகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

கடைக்காரர் "கேமரா போச்சு, புதுசு போடுங்க" என்றார். அதற்குமுன் நானே ஒரு வாரம் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். காலையில் வெள்ளையாக இருந்த படம், வெயிலில் நின்றபின் மதியம் தெளிந்தது. லென்ஸுக்கு உள்ளே ஈரம் புகுந்து ஆவி படிந்திருக்கிறது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. லேசாக இருந்தால் கழற்றி நன்றாக உலரவைத்து, விளிம்பில் சிலிக்கான் பூசிப் பார்க்கலாம். எனக்கு அது ஒரு மழைக்குத்தான் தாங்கியது. திரும்பத் திரும்ப ஆவி படிந்தால் கேமராவை மாற்றத்தான் வேண்டும்.

மதியத்திலும் இருந்த மங்கல் வேறு வகை. போர் தண்ணீரில் கார் கழுவி அப்படியே விட்டதால் உப்பு படிந்திருந்தது. அதை முன்பு முரட்டுத் துணியால் தேய்த்து நானே கீறியும் வைத்திருந்தேன். கண்ணாடி துடைக்கும் மென்துணியை நனைத்து, ஊறவிட்டு, அழுத்தாமல் துடைக்க வேண்டும். கீறலுக்கு மருந்து கிடையாது.

புதுக் கேமரா போட்டும் திரையில் கோடுகள் கீழிருந்து மேலாக ஓடின. இதில்தான் பலர் ஏமாந்து மறுபடி கேமராவை மாற்றுகிறார்கள். சோதனை எளிது. கைபிரேக்கைப் போட்டு, பின்னால் யாரும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். பிறகு கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சுத்தமாக இருந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் கோடு வந்தால் லென்ஸ்மேல் குற்றமில்லை. ஆல்டர்னேட்டரின் இரைச்சல் மின்வழியாகப் படத்தில் கலக்கிறது. எனக்குக் காரணம் எர்த் ஒயர். பெயின்ட் அடித்த இடத்தில் திருகி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். பெயின்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் இறுக்கியதும் கோடு நின்றது. எங்கள் வீட்டில் அம்மா பாவு பிணைக்கிறவர். ஒரு பிணைப்பு நழுவினாலும் தறியில் காட்டிக்கொடுத்துவிடும் என்பார். ஒயருக்கும் அதேதான்.

டிக்கியைத் திறந்து மூடும்போது படம் விட்டு விட்டு வந்தால், கீலருகே மடங்கி மடங்கி ஒயர் அறுந்திருக்கும். ரிவர்ஸ் விளக்கில் எல்இடி பல்பு போட்டபின் படம் துடித்தால், பழைய பல்பை மாட்டிப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வந்தால் ஸ்டீரியோ அமைப்பில் பால் (PAL), என்டிஎஸ்சி, ஏஎச்டி என்று இருக்கும் வீடியோ வகைகளில் கேமராவுக்கு உரியதைத் தேர்வு செய்ய வேண்டும். ஹெட்லைட் போட்டதும் இருண்டால், திரை இரவு வெளிச்சத்துக்கு மாறியிருக்கிறது என்று பொருள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

எல்லாம் முடிந்தபின் அக்காவிடம் கழிவு இழை ஒரு பிடி வாங்கி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டி, காருக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பகலில் இழை தெரிந்தது. பொழுது சாய்ந்து பார்த்தபோது தெரியவில்லை. அந்த நேரத்தில் இப்போதும் இறங்கி, பின்னால் நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.