உப்புப் பாத்தியில் குவாரிப் புழுதி: யாரிடம் போவது?

கேள்வி: மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டிப் பிழைக்கிறோம். நான்கு மாதமாகப் பக்கத்துப் பட்டா நிலத்தில் கிராவல் தோண்டுகிறார்கள். அருகிலேயே இன்னும் இரண்டு குழிகள் ஓடுகின்றன. டிப்பர் லாரிப் புழுதியால் உப்பு பழுப்பாகி, வியாபாரி விலையைக் குறைக்கிறார். கிணற்றிலும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கேட்டால் ‘எல்லா அனுமதியும் இருக்கு’ என்கிறார்கள். மூட வைக்க முடியுமா, ஐயா?

— ஒரு வாசகர், மரக்காணம் வட்டம்

பதில்: அனுமதி இருக்கலாம். எத்தனை கனமீட்டருக்கு, எந்த ஆழம் வரை, என்ன நிபந்தனையோடு என்று கேளுங்கள். கிராவல் சிறுகனிமம், சொந்தப் பட்டாவானாலும் 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 5 ஹெக்டேருக்குக் குறைந்த குழிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமானது.

மற்ற இரண்டு குழிகளைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஒரே கனிமத்துக்கான குத்தகைகள் 500 மீட்டருக்குள் அமைந்தால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 அறிவிக்கை அவற்றை ஒரே தொகுப்பாகக் கணக்கிடச் சொல்கிறது. மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தொட்டால், தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக்கேட்பும் இல்லாமல் அனுமதி தரக் கூடாது. அதனால்தான் சர்வே எண்ணைத் துண்டு துண்டாக்கி விண்ணப்பிக்கிற வித்தை நடக்கிறது. (2016 ஜனவரி 15-க்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற குத்தகைகள் இந்தக் கணக்கில் வராது.)

அடுத்தது உங்கள் பக்கத்திலுள்ள கழுவேலி ஈரநிலம். 2021-இல் அது பறவைகள் சரணாலயமானது. 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. சரணாலய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலிலும் உறுதி செய்தது. எல்லை என்பது தண்ணீர் நிற்கும் விளிம்பு அல்ல, அறிவிக்கையில் உள்ள எல்லை. குவாரியின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வனத்துறையிடம் தூரத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால் மற்ற வாதங்கள் தேவைப்படாமலே போகலாம்.

அளவு மீறுவதும் குற்றமே. பக்கத்து வானூர் வட்டத்தில் பூத்துறை செம்மண் குவாரி வழக்கு 2012-இல் பதிவானது. அனுமதிக்கு மேல் அள்ளியதால் அரசுக்கு 28 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்பது அதன் குற்றச்சாட்டு. கனிமச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அள்ளிய மண்ணின் விலையையும் வசூலிக்கலாம்.

கிணற்றை மட்டும் முன்னால் வைக்காதீர்கள். ‘உப்பு உங்கள் பாத்தியிலிருந்தே இறங்கியது’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கைக்கு வரட்டும். புழுதிக்கோ உங்களிடமே சாட்சி இருக்கிறது: போன பருவத்திலும் இந்தப் பருவத்திலும் உப்பு விற்ற சீட்டுகள், தேதியோடு எடுத்த படங்கள். உடனடி நிவாரணமாகத் தார்ப்பாய் மூடவும் பாதையில் தண்ணீர் தெளிக்கவும் உத்தரவிடக் கோரி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 152-ஆவது பிரிவில் திண்டிவனம் சார் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். கிராம சபைத் தீர்மானம் மட்டும் குவாரியை மூடாது. ஆனாலும் வழக்கில் நல்ல ஆவணம்.

மூட வைக்கும் அதிகாரம் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு உண்டு. அங்கே நேரம்தான் எதிரி. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்க 5 ஆண்டு. சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், நீட்டித்தாலும் 90-ஐத் தாண்டாது. அந்த அனுமதியை நாளிதழிலும் ஊராட்சியிலும் தெரிவித்தார்களா என்று பாருங்கள். தெரிவிக்காவிட்டால் கெடு தொடங்கவே இல்லை என வாதாடலாம். இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

உங்களுக்கு நான்கு மாதம் போய்விட்டது. தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வரவே 30 நாள் ஆகும். குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, நடைச்சீட்டு விவரம் ஆகியவற்றைக் கேட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு இந்த வாரமே கனிமவளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.