ஸ்டிக்கரை நம்பி ரீடிங் எழுதாதீர்கள்

மலையடிவாரக் கீரிப்பாறையில் காலையில் இறங்கினால் மரத்துக்கு மரம் சிரட்டையில் ரப்பர் பால் நிற்கும். 1984இல் உருவான அரசு ரப்பர் கழகத்தின் தோட்டமும் ஆலையும் இங்கே இருக்கின்றன. ஆனாலும் நாகர்கோவிலில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர்களுக்கு ரப்பர் வேலை என்றால், பால்வெட்டும் ஷீட் அடிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. பாலைச் செறிவாக்கி விற்கும் இடங்களில் ஆய்வக வேலையும் உண்டு. அதற்கான நேர்காணலில் ஆளை மடக்குகிற கருவி ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்.

ரப்பருக்கு எதற்கு அது? செம்பும் மாங்கனீசும் துளியளவு கலந்தால்கூட ரப்பர் சீக்கிரம் கெட்டுப் பிசுபிசுக்கும். செறிவூட்டிய பாலுக்கான ஐ.எஸ்.ஓ. 2004 தரம், மொத்தத் திடப்பொருளில் கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்று இரண்டுக்கும் தனித்தனியே எல்லை கட்டியிருக்கிறது. மாங்கனீசைப் பெர்மாங்கனேட்டாக மாற்றி, அந்தக் கத்தரிப்பூ நிறத்தை 525 நானோமீட்டரையொட்டி அளப்பார்கள். 7.8 வந்தால் சரக்கு லாரியில் ஏறும், 8.3 வந்தால் நிற்கும். இடையில் இருப்பது உங்கள் கருவி.

நேர்காணலில் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: காலிப்ரேஷன் என்றால் என்ன? ‘கருவியைச் சரிசெய்வது’ என்று சொன்னால் தொலைந்தீர்கள். சரிசெய்வதற்குப் பெயர் அட்ஜஸ்ட்மென்ட். மதிப்பு தெரிந்த ஒரு தரப்பொருளைக் கருவியிடம் காட்டி, அது எவ்வளவு விலகிக் காட்டுகிறது, அந்த விலகலிலேயே எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்று எழுதி வைப்பது காலிப்ரேஷன். நம் வேலைக்கு அது போதுமா என்று நிரூபிப்பது வேலிடேஷன்.

அடுத்து, காலிப்ரேஷனில் செய்யும் சோதனைகளைக் கேட்பார்கள். அலைநீளத்துக்கு ஹோல்மியம் ஆக்சைடு கரைசல்: 241, 287, 361, 536 நானோமீட்டரை ஒட்டி அதன் முகடுகள் விழ வேண்டும். ஒழுகும் ஒளிக்கு 1.2 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு: 198 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் 2ஐத் தாண்ட வேண்டும். அப்சார்பன்ஸ் அளவுக்குப் பொட்டாசியம் டைகுரோமேட்: உலர்த்திய 60 மில்லிகிராமை 0.005 மோலார் கந்தக அமிலத்தில் ஒரு லிட்டராக்கினால், 257இல் சுமார் 0.867, 350இல் சுமார் 0.644.

மருந்துக் கம்பெனிக்காரர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். நீங்களும் அதையே ஒப்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த டைகுரோமேட் கரைசலில் வழக்கமாகப் பார்க்கும் நான்கு புள்ளிகளும் 235இல் தொடங்கி 350இல் முடிந்துவிடுகின்றன; உங்கள் வேலையோ 525இல். புறஊதாவில் ஒழுங்காக இருக்கும் கருவி கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒழுங்காக இருக்கும் என்று யார் சொன்னது? விளக்கே வேறு: அங்கே டியூட்டீரியம், இங்கே டங்ஸ்டன். ஆகவே 546 நானோமீட்டரிலும் மதிப்பிட்ட, சான்றிதழ் உள்ள சாம்பல்நிறக் கண்ணாடி வடிகட்டிகளைக் கேளுங்கள். அந்தச் சான்றிதழின் சங்கிலி டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற ஒன்றில் போய் முடிகிறதா என்றும் பாருங்கள். என்னைக் கேட்டால், கருவியின் முன்பக்கம் ஒட்டிய ‘காலிப்ரேஷன் முடிந்தது’ என்ற பச்சை ஸ்டிக்கரைவிட இந்தக் கேள்விதான் வேலை வாங்கித் தரும்.

அத்தோடு ஆறு அடர்த்திகளில் மாங்கனீசுக் கரைசல் செய்து கோடு போடுங்கள். 8 மில்லிகிராமுக்குரிய அளவு அந்தக் கோட்டின் நடுவில் விழட்டும், நுனியில் வேண்டாம்.

இந்த மலையடிவாரத்துக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, இரண்டு பருவமழையும் கொண்டுவரும் ஈரம். லென்சில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். மற்றது, பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா. பால் சோதிக்கும் மேசையிலேயே கருவியை வைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பூச்சை அது மெல்ல அரிக்கும். தனி அறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஹோல்மியம் சோதனையை மாதம் தவறாமல் செய்து, வந்த எண்ணை வந்தபடியே பேனாவால் பதிவேட்டில் எழுதித் தேதியிடுங்கள்.

க்யூவெட்டைத் துடைத்த விரல் எந்தப் பக்கத்தைத் தொட்டது என்பதையும் கவனியுங்கள். நேர்காணல் எடுப்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.