அடைப்பான் நோய்: பெருநாள் ஆடும் நம் கைகளும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் நம் வீட்டு வாசல்களில் ஆடு வந்துவிடுகிறது. பிள்ளைகள் தழை ஊட்டுகிறார்கள். பெருநாளன்று ஆண்கள் அறுத்துத் தோலுரிக்க, பெண்கள் கறியைக் கழுவிப் பங்கு வைக்கிறார்கள். பிராணியின் இரத்தம் நம் கைகளில் இவ்வளவு படுவது இந்த நாள்களில்தான். எனவே இம்முறை, அடைப்பான் என்று சொல்லப்படும் ஆந்த்ராக்ஸ் பற்றி எழுதுகிறோம். வேலூர்ப் பகுதியிலும் இது கண்டறியப்பட்ட நோய்தான்.

இது ஒரு பாக்டீரியாவால் வருவது. அதன் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். மேயும் ஆடுமாடுகளின் வயிற்றுக்குள் புல்லோடு போய்விடும். நன்றாக நின்ற பிராணி திடீரென்று விழுந்து சாகும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடியலாம்.

மனிதருக்குப் பெரும்பாலும் தோலில்தான் வரும். கையில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும். ஒரு வாரத்துக்குள் பூச்சி கடித்ததுபோல் அரிக்கும், கொப்புளமாகும், பிறகு நடுவில் கரிபோலக் கறுத்த புண்ணும் சுற்றிலும் வீக்கமும் வரும். ஆந்த்ராக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே கரி என்றுதான் பொருள். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பலர் மஞ்சளைப் பூசிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். சிகிச்சையின்றி விட்டால் 100-ல் 20 பேர் வரை இறக்கக்கூடும். உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தால் மரணம் மிக அரிது.

தானாகச் செத்ததை நாம் உண்பதில்லை. வம்பு வேறிடத்தில் இருக்கிறது. "சாகுமுன் அறுத்துவிடுவோம், போட்ட பணமாவது மிஞ்சும்" என்ற அவசரம்தான் அது. 2010-ல் வங்கதேசத்தில் 600-க்கும் மேற்பட்டோருக்குத் தோலில் இந்நோய் கண்டது. நோயுற்ற மாடுகளை அறுத்ததும் அந்தக் கறியைக் கையாண்டதுமே முக்கியக் காரணம். கடன் வாங்கி ஆடு வளர்த்தவருக்கு நஷ்டம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கறி பக்கத்து வீட்டு ஏழைக்கும் போகிறதே! வெளிப்படையாக நோயுற்ற பிராணி குர்பானிக்கும் ஆகாது.

திடீரென்று செத்த பிராணியை அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம். காற்றுப் பட்டால்தான் வித்துகள் உருவாகும். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லி, அவர் சொல்கிறபடி ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். பெருநாளன்று கையில் காயம் உள்ளவர் தோலுரிக்கும் வேலையை வேறொருவரிடம் விடட்டும். மற்றவர்கள் கையுறை போட்டு, வேலை முடிந்ததும் சோப்பால் நன்றாகக் கழுவுங்கள்.

கறுத்த புண் வந்தால் கீறிவிடாதீர்கள். மருத்துவரிடம் போனதும், "இந்தத் தேதியில் ஆடு அறுத்தேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.