மூழ்கும் ஈத்தூண்டிலுக்கு ஏற்ற கோல்
(அங்கத்தினர் வாசிப்புக்கான பாடம்)

வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் வளர்ந்தவருக்குத் தூண்டில் புதிய கருவியன்று. மூங்கிற்கோலும், தக்கையும், மண்புழுவும் கொண்டு தடுப்பணைக்குக் கீழே கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவர் நம்மிற் பலர். ஆயினும் ஏலமலைக்கும் மூணாற்றுக்கும் நீலகிரிக்கும் தொழிலின் நிமித்தம் சென்று வரும் அங்கத்தினர்கள், அங்கே குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரௌட் என்னும் மீனைப் பற்றிக் கேள்வியுற்று, அதற்குரிய கோலொன்றை வாங்க ஆசைப்படுகிறார்கள். கடன்பட்டேனும் வாங்கலாமென்று எண்ணுவோரும் உளர். விலையுயர்ந்த கோல் எல்லாம் நல்ல கோல் அன்று. எந்தக் கோல் எந்த வேலைக்கு உரியது என்பதை அறியாது செலவிடும் பணம் ஆற்றில் கொட்டிய பணமேயாகும். ஆதலின் இப்பாடத்தை ஊன்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

மீனும் நீரும்

டிரௌட் நம் நாட்டு மீன் அன்று. செண்டிகிரேட் அளவில் பத்து முதல் பதினெட்டுப் பாகை வரையுள்ள குளிர்ந்த, ஓட்டமுள்ள நீரே அதற்கு உகந்தது. வெப்பம் இருபத்தைந்தை நெருங்கினால் அது பிழைப்பது அரிது. 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் சுரங்கத்தின் வழியாக நம் பள்ளத்தாக்கிற்கு வருகின்றது. அது மலையிலிருந்தே வந்தாலும் சமவெளியில் வெயில்பட்டுச் சூடேறிவிடுவதால், முல்லையாற்றில் டிரௌட் வாழ இயலாது.

நீலகிரியில் இம்மீனைக் குடியேற்றும் முயற்சி 1860-களிலேயே தொடங்கிப் பலமுறை தோல்வியுற்றது. பின்னர் எச். சி. வில்சன் என்பவரின் உழைப்பால் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. வானவில் டிரௌட் என்னும் வகை அங்கே நிலைபெற்றது. மூணாற்று மலைகளில் தேயிலைத் தோட்டத்தார் அதனை வளர்த்தனர். இந்நீர்கள் யாவும் எவரும் இறங்கிப் பிடிக்கக்கூடிய பொது நீர்கள் அல்ல. மூணாற்றை அடுத்த இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. ஆதலின் கோல் வாங்குமுன் எந்த நீரில், யாருடைய அனுமதியுடன் பிடிக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

மூழ்கும் ஈ என்பது யாது?

இங்கு ஈ என்பது உயிருள்ள பூச்சியன்று. தூண்டில் முள்ளின்மேல் இறகும் நூலும் கட்டிப் பூச்சியைப்போலச் செய்த பொய்யிரை. நீரின்மேல் மிதப்பது ஒருவகை. நீருக்குள் மூழ்கி ஓட்டத்தோடு செல்வது மற்றொரு வகை. மூழ்கும் ஈயின் முறை மிகப் பழமையானது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமாபுரி எழுத்தாளர், மக்கெதோனிய நாட்டார் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலும் சேவலின் இறகும் கட்டி, ஆறடிக் கோலும் ஆறடிக் கயிறும் கொண்டு ஆற்றுமீன் பிடித்ததைக் குறித்துள்ளார்.

இம்முறையில் ஒரே நரம்பில் இரண்டு அல்லது மூன்று ஈக்களைக் கட்டுவது வழக்கம். ஓட்டத்திற்குக் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி எறிந்து, ஈக்கள் வளைந்து கரையை நோக்கி வருமாறு விடுவார்கள். மீன் கடிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

கோல் செய்யவேண்டிய மூன்று வேலைகள்

முதலாவது, எறிதல். எறிவதற்குக் கனம் தருவது ஈயன்று, தடித்த எறிகயிறே. விறைப்பான கோல் கயிற்றைக் குறுகிய வளைவாகவும் வேகமாகவும் வீசும். அதனால் மூன்று ஈக்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பலமுறை காற்றில் வீசுவதால் ஈக்கள் உலர்ந்து மூழ்க மறுக்கும். நிதானமாக வளையும் கோல் கயிற்றை அகன்ற வளைவாக விடும். ஈக்கள் பிரிந்தும் ஈரமாகவும் விழும்.

இரண்டாவது, கயிற்றை ஆளுதல். நீளமான கோல் கயிற்றின் பெரும்பகுதியை நீருக்குமேல் தூக்கி நிறுத்தும். அப்போது ஓட்டம் கயிற்றை இழுத்து ஈக்களை விரட்டாது.

மூன்றாவது, அதிர்ச்சி தாங்குதல். கயிறு இறுகியிருக்கும் நிலையில் மீன் திடீரென்று இழுக்கும். முனை நரம்போ மிக மெல்லியது. கோல் பிடிவரையில் வளைந்து கொடுத்தால் அந்த இழுப்பைக் கோல் ஏற்கும். இல்லையேல் நரம்பு ஏற்றுத் தெறிக்கும்.

இவ்விஷயத்தை இதனை எழுதுபவன் நஷ்டப்பட்டே கற்றான். எல்லா மீனுக்கும் ஏற்றது என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி, விதை வாங்க வைத்திருந்த பணத்தில் ஏழடி நீளமுள்ள விறைப்பான கோலொன்றை வாங்கினேன். அனுமதிச் சீட்டுப் பெற்று மலையில் ஒரு நாள் முழுவதும் எறிந்தேன். இருமுறை மீன் கடித்தது. இருமுறையும் நரம்பு அறுந்தது. வாயில் முள்ளோடு சென்ற அம்மீன்களை நினைக்கையில் பண நஷ்டத்தைவிட மனவருத்தமே மிகுதியாயிற்று. குற்றம் கோலினுடையதன்று, ஈயத்தகடு எறிய அமைந்த கோலை ஈ எறியக் கொண்டுசென்ற என்னுடையதே.

மரமும் நாரும்

இக்காலத்தில் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கரிநாரால் ஆனவை. அவை எடை குறைந்தவை. பத்தடிக் கோல் நூறு கிராம் அளவிலேயே இருக்கும். கண்ணாடி நார்க்கோல் சற்றுக் கனமானது, ஆனால் நன்றாக வளைவது. இவ்விரண்டிற்கும் முன் சிறந்தவையாக மதிக்கப்பட்டவை பிளந்த மூங்கிற்கோல்கள். மூங்கிலை ஆறு முக்கோணச் சிம்புகளாகச் சீவி ஒட்டிச் செய்யும் இம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்தது. அக்கோல்களுக்கு முதலில் பயன்பட்டது கல்கத்தா மூங்கில் என்று பெயர் பெற்ற இந்திய மூங்கிலே. பின்னரே சீன தேசத்து டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. 1950-இல் அமெரிக்கா சீன வர்த்தகத்தைத் தடை செய்தபோது அம்மூங்கில் அங்கு வருவது நின்று, கண்ணாடி நார் பரவிற்று. 1970-களில் கரிநார் வந்தது. பொருள் எதுவாயினும், பார்க்கவேண்டியது அதன் வளைவையே.

கடையில் சோதிக்கும் வகை

1. நீளம்: திறந்த வெளியிலுள்ள ஓடைக்கும் ஏரிக்கும் பத்து அல்லது பதினோரு அடி. புதர் மண்டிய சிற்றோடைக்கு எட்டு அல்லது ஒன்பது அடி.

2. கயிற்று எண்: கோலின்மேல் ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். அது எறிகயிற்றின் முதல் 30 அடியின் எடையைக் காட்டுவது. 4-ஆம் எண் சுமார் 8 கிராம். 5-ஆம் எண் 9 கிராம். 6-ஆம் எண் 10 கிராம். மூழ்கும் ஈக்கு 4 அல்லது 5 போதும். காற்று மிகுந்த ஏரிக்கு 6 கொள்ளலாம். கோலின் எண்ணும் கயிற்றின் எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும்.

3. வளைவு: நுனியை ஒருவர் பிடிக்க, மற்றவர் மெல்ல உயர்த்திப் பார்க்கவும். நுனிமட்டும் வளைந்து நடுப்பாகம் மரம்போல் நின்றால் அது இவ்வேலைக்கு ஆகாது. நடுவைக் கடந்து பிடியை நோக்கி வளைவு இறங்க வேண்டும்.

4. அடங்குதல்: கோலைப் பக்கவாட்டில் அசைத்து நிறுத்தவும். நுனி விரைவில் அடங்கவேண்டும். நெடுநேரம் ஆடுவது தளர்ந்த கோல், அதுவும் வேண்டா.

5. இணைப்பும் வளையமும்: துண்டுகள் இணையுமிடத்தில் ஆட்டம் இருக்கலாகாது. வளையங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று கண்ணருகே பிடித்து நோக்கவும்.

6. கை: கயிற்றுருளையைப் பொருத்திப் பத்து நிமிஷம் பிடித்துப் பார்க்கவும். மணிக்கட்டு நோவுமாயின் அக்கோல் நமக்கு உரியதன்று.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. ஸ்காட்லாந்து தேசத்து டபிள்யூ. சி. ஸ்டூவர்ட், 1857-இல் வெளியிட்ட தம் நூலில், தெளிந்த நீரில் ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி எறிவதற்கு விறைப்பான பத்தடிக் கோலையே விரும்பினார். குறுகிய கயிற்றில், ஈயை மீன் உமிழுமுன் விரைந்து இழுக்கவேண்டியிருப்பதே அதன் காரணம். முறை மாறினால் கோலும் மாறும் என்பதற்கு இதுவே சான்று.

வீட்டு மூங்கிலிலே பழகுக

பணம் செலவிடுமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஜப்பான் தேசத்து மலைவாசிகள் உருளையே இல்லாமல், மூங்கிற்கோலின் நுனியில் கயிற்றைக் கட்டி, மூழ்கும் ஈயால் ஓடைமீன் பிடித்து வந்தார்கள். டெங்காரா எனப்படும் அம்முறை நம் தூண்டிலுக்கு மிக நெருங்கிய உறவுடையது. மூன்றாண்டு முற்றிய, நேரான, மெல்லிய கல்மூங்கிலைத் தேர்ந்து, நிழலில் சில மாதம் உலர்த்தி, கோணலைத் தணலில் காட்டி நிமிர்த்தினால் பழகுவதற்கு ஒரு கோல் கிடைக்கும். காட்டிலுள்ள மூங்கிலை அனுமதியின்றி வெட்டலாகாது.

அக்கோலில் ஒரு சிறு ஈயைக் கட்டி முல்லையாற்றில் எறிக. மாலையில் பூச்சி தின்ன மேலெழும் கெண்டை அதனைக் கடிக்கும். நிதானமாக எறியவும், கையால் கடியை உணரவும், வளைவில் மீனைத் தாங்கவும் அங்கே கற்றவன், கடைக்குச் செல்லும்போது பிறர் சொல்லை நம்ப வேண்டியிராது. தன் கையையே நம்புவான். அதன் பின்னரும் ஆசை நிலைத்திருப்பின், கையிலுள்ள பணத்தில் வாங்குக. பொழுதுபோக்கிற்காகக் கடன் வேண்டா. மூவர் நால்வர் சேர்ந்து ஒரு கோலை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துதல் நம் சங்கத்தின் நெறிக்கும் பொருத்தமானது.

கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. முல்லையாற்றில் டிரௌட் வாழாமைக்குக் காரணம் யாது?
2. மூன்று ஈ கட்டிய நரம்பிற்கு விறைப்பான கோல் ஏன் ஆகாது?
3. கோலின் எண்ணும் கயிற்றின் எண்ணும் மாறுபட்டால் எறிதலில் நேரும் குறை என்ன?
4. பொதுவில் ஒரு கோல் வாங்குவதாயின், அதன் பாதுகாப்பை யார், எவ்விதம் ஏற்பது?