தெர்மோஸ்டாட் மாற்றியும் பிரிட்ஜ் சரியாகவில்லையா?



மளிகைக் கடை என்றால் அரிசி, பருப்பு, எண்ணெய் என்றிருந்த காலம் மாறிவிட்டது. பால், தயிர், ஐஸ்கிரீம், குளிர்பானம், இட்லி மாவு என்று குளிரில் வைத்து விற்கும் சரக்கு இல்லாத கடை இன்று அரிது. ஆகவே தராசைப் போலவே பிரிட்ஜும் நம் தொழிற்கருவியாகிவிட்டது. தராசில் ஐந்து கிராம் பிசகினால் நாமே கண்டுபிடித்து விடுகிறோம். பிரிட்ஜில் பிசகினால் மட்டும் மெக்கானிக் சொல்வதை அப்படியே நம்பிப் பணத்தை எடுத்து வைக்கிறோம். அந்த நிலை மாற வேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

நமக்கு நேர்ந்த அனுபவம்

சேவுகம்பட்டியில் உள்ள நம் கடையில் ஒரு சித்திரை மாதம் பிரிட்ஜ் திடீரென நின்றுவிட்டது. விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வந்து பார்த்தார். "தெர்மோஸ்டாட் போயிருச்சு அண்ணாச்சி, மாத்திட்டாச் சரியாயிரும்" என்றார். மாற்றினார். மோட்டார் ஓடியது. நாமும் நிம்மதியாகக் கடையைச் சாத்திவிட்டுப் போனோம்.

மறுநாள் காலை மேல் தட்டில் இருந்த பால் பாக்கெட்டுகள் கல்லாக உறைந்து கிடந்தன. மோட்டார் நிற்கவே இல்லை. உறைந்த பாலை இளக்கி விற்றதில், வாங்கிப் போனவர்கள் "திரிஞ்சு போச்சு" என்று திருப்பிக் கொண்டு வந்தார்கள். அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த அம்மா அதன் பிறகு பல நாள் வேறு கடையில்தான் பால் வாங்கினார்.

மெக்கானிக் மீண்டும் வந்தார். "இந்தப் பீஸ் சரியில்லை" என்று இன்னொரு தெர்மோஸ்டாட்டை மாட்டினார். அப்போதும் அதே கதை. மூன்றாம் முறை, "கம்ப்ரஸர் வீக் ஆயிருச்சு அண்ணாச்சி, அதான் நிக்காம ஓடுது" என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொன்னார். பணம் கொடுக்குமுன் வத்தலக்குண்டிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கிளிப்பை மட்டும் இறுக்கினார். கால் மணி நேர வேலை. கம்ப்ரஸர் நன்றாகவே இருந்தது. இரண்டு புதுத் தெர்மோஸ்டாட்டுகளும் நன்றாகவே இருந்தன. மாட்டிய விதம்தான் தப்பு.

தெர்மோஸ்டாட் எப்படி வேலை செய்கிறது?

சாதாரணப் பிரிட்ஜில் திருகும் குமிழுக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று நீண்டு செல்லும். மெக்கானிக்குகள் இதை 'கேப்பிலரி' என்பார்கள். நாம் 'வால்' என்றே வைத்துக் கொள்வோம். அதற்குள் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. வாலின் நுனி, ஐஸ் பிடிக்கும் பெட்டியின் சுவரோடு கிளிப் போட்டு ஒட்டப்பட்டிருக்கும்.

உள்ளே சூடு ஏறினால் வாயுவின் அழுத்தம் கூடி, பெட்டிக்குள் இருக்கும் மின் தொடர்பைச் சேர்க்கிறது, மோட்டார் ஓடுகிறது. குளிர் போதுமான அளவுக்கு வந்ததும் அழுத்தம் குறைந்து தொடர்பு விலகுகிறது, மோட்டார் நிற்கிறது. இதுதான் அதன் முழு வேலை. அது குளிரை உண்டாக்குவதில்லை; எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறது.

இதே கருவி கொடைக்கானல் விடுதிகளில் அறையைச் சூடாக்கும் ஹீட்டரிலும், வெந்நீர் கீசரிலும் உண்டு. ஆனால் அங்கே உத்தரவு தலைகீழ். குளிர்ந்தால் தொடர்பு சேரும், சூடேறினால் விலகும். பெயர் ஒன்று என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்ட முடியாது. அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் 1883-ல் அறை வெப்பத்தை அறியும் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் எந்தத் தெர்மோஸ்டாட்டுக்கும் விதி ஒன்றே: உணரும் பாகம் சரியான இடத்தில் இருந்தால்தான் உத்தரவும் சரியாக இருக்கும்.

மாற்றிய பிறகு கோளாறு என்றால் என்ன பார்ப்பது?

1. வால் எங்கே இருக்கிறது? நம் கடையில் நடந்தது இதுதான். வால் கிளிப்பில் சிக்காமல் தொங்கினால், ஐஸ் பெட்டியின் குளிர் அதற்குத் தெரியாது. 'இன்னும் குளிரவில்லை' என்று மோட்டாரை ஓட்டிக் கொண்டே இருக்கும். இதற்கு மாறாக, காற்றின் குளிரை மட்டும் உணர வேண்டிய இடத்தில் உள்ள வாலை ஐஸ் பிடிக்கும் குழாயோடு ஒட்டிவிட்டால், சீக்கிரமே நின்றுவிடும், சரக்கு குளிராது. பழைய வால் எங்கே, எத்தனை அங்குலம் ஒட்டியிருந்ததோ அப்படியே புதியதும் இருக்க வேண்டும்.

2. வால் மடிந்து நசுங்கியதா? மாட்டும்போது கூர்மையாக மடித்தால் வெடிப்பு விழுந்து வாயு போய்விடும். வாயு போனால் தொடர்பு சேராது; மோட்டார் ஓடவே ஓடாது. புதுப் பொருளும் இப்படி ஒரே நிமிடத்தில் வீணாகலாம்.

3. ரகம் சரியா? பிரிட்ஜுக்கு ஒன்று, ஐஸ்கிரீம் வைக்கும் டீப் ஃப்ரீசருக்கு ஒன்று, கண்ணாடிக் கதவு வைத்த பாட்டில் கூலருக்கு ஒன்று என்று தெர்மோஸ்டாட் ரகங்கள் வேறு. ஃப்ரீசர் ரகத்தைப் பிரிட்ஜில் போட்டால் தயிர் உறையும். பிரிட்ஜ் ரகத்தை ஃப்ரீசரில் போட்டால் ஐஸ்கிரீம் இளகும். கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கி, அதில் அச்சிட்ட எண்ணைப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. குமிழின் நடுப் பொத்தான் அமுங்கியிருக்கிறதா? ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ் பலவற்றில் ஐஸ் கரைப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் ஐஸ் கரையும் வரை மோட்டார் ஓடாது. சரக்கை நெருக்கி அடுக்கும்போது ஒரு பாக்கெட் அதன் மேல் இடித்தால் போதும், பிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

5. உடனே அணைத்து உடனே போட்டோமா? மோட்டார் நின்றதும் குழாய்களில் அழுத்தம் சமனாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மறுபடி போட்டால் உறுமிவிட்டு 'கட்' என்று நிற்கும். இது புதுத் தெர்மோஸ்டாட்டின் குற்றமல்ல. ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

6. வெளியே தடை உள்ளதா? நம் கடைகளில் பிரிட்ஜுக்குப் பின்னால் அரிசி மூட்டை, பக்கத்தில் எண்ணெய் டின். பின்பக்கக் கம்பி வலையில் மாவுத் தூசியும் மிளகாய்த் தூசியும் அப்பிக் கிடக்கும். உள்ளே இருந்து எடுத்த சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் எந்தத் தெர்மோஸ்டாட்டாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. சுவருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டுங்கள். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக் கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது.

7. சுமை திடீரென ஏறியதா? நம் ஊரில் தை மாதம் பெருமாள் கோயிலில் வாழைப்பழச் சூறைத் திருவிழா நடக்கும். அன்றைக்குக் கூட்டத்தை நம்பிப் பல கிரேட் குளிர்பானத்தை ஒரே நேரத்தில் உள்ளே அடுக்கினால் மோட்டார் நெடுநேரம் நிற்காமல்தான் ஓடும். முந்தின நாள் இரவே கொஞ்சம் கொஞ்சமாக அடுக்குவதே முறை.

கையால் தொட்டுப் பார்த்தால் போதாது

குமிழில் 1 முதல் 7 வரை உள்ள எண்கள் டிகிரி அல்ல. எண் கூடினால் குளிர் கூடும் என்பது மட்டுமே அதன் பொருள். உண்மையான அளவை அறிய, பிரிட்ஜுக்கான சிறு தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதில் போடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். குமிழை மாற்றினால் ஒரு நாள் முழுவதும் பொறுத்த பிறகே அடுத்த முடிவுக்கு வாருங்கள்.

குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழும், உறைநிலைச் சரக்கு மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் அளவுகோல். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமமோ பதிவோ பெற்ற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

மின் இணைப்பை நாம் தொடக் கூடாது. அது தெரிந்தவர் வேலை. ஆனால் கேள்வி கேட்கலாம். மோட்டார் ஓடாவிட்டால், தெர்மோஸ்டாட்டை ஒதுக்கிவிட்டு நேரடியாக இணைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போது ஓடினால் தெர்மோஸ்டாட் அல்லது அதன் இணைப்பில் கோளாறு. அப்போதும் ஓடாவிட்டால் ரிலே, ஓவர்லோடு, மின் அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த நேரடி இணைப்பை எடுத்துவிட வேண்டும். "டைரக்டாக் குடுத்துட்டேன், ஓடட்டும்" என்று விட்டுப் போவதை ஒப்புக் கொள்ளாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் 200 வாட் என்று வைத்துக் கொள்வோம். பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். நிற்காமல் ஓடினால் 4.8 யூனிட். மாதத்துக்கு 72 யூனிட் வீண் செலவு. உறைந்து கெட்ட பாலும் தயிரும் தனிக் கணக்கு. திரும்பி வராத வாடிக்கையாளருக்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கு இல்லை.

எனவே, புதுத் தெர்மோஸ்டாட் போட்டும் சரியாகவில்லை என்றால் அடுத்த பொருளை வாங்க ஓட வேண்டாம். வாலைப் பார்க்கச் சொல்லுங்கள், ரகத்தை ஒப்பிடுங்கள், இரண்டு நாள் அளந்து எழுதுங்கள். அந்த நோட்டைக் காட்டிப் பேசும் கடைக்காரரிடம் எந்த மெக்கானிக்கும் நிதானித்துத்தான் பதில் சொல்வார். நம் கடைப் பிரிட்ஜின் பக்கத்தில் அந்த நோட்டு இன்றும் தொங்குகிறது. அந்தக் குழந்தை வீட்டுக்கார அம்மாவும் இப்போது நம் கடையில்தான் பால் வாங்குகிறார்.